வெள்ளிக்கிழமைத் தப்புகள்

எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் இரண்டே பேர். தலைமையாசிரியை நான், இன்னொருவர் தெய்வநாயகி டீச்சர். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ரிக் வண்டிக்காரர்கள் நிறைந்த ஊர். அப்பாக்கள் பாதி வருஷத்துக்கு மேல் வடக்கே போர்வெல் போடப் போய்விடுவார்கள். மழை பிடித்ததும் வண்டியோடு ஊர் திரும்புவார்கள்.

தெய்வநாயகி பள்ளிபாளையத்துப் பெண். சின்ன வயதில் ஆங்கில வகுப்பில் ஒரு தப்புக்கு ஓர் அடி என்று ஸ்கேலால் வாங்கியே வளர்ந்தவர். கல்லூரி முடியும்வரை ஆங்கிலத்தில் வாய் திறக்கவே பயந்தாராம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் அவர் வகுப்பில் தப்புப் பண்ணுகிறவர் டீச்சர்தான்.

வெள்ளிக்கிழமை மதியம், அந்த வாரம் நடத்திய ஆங்கிலத்தையெல்லாம் வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் போர்டில் எழுதிப்போடுவார். 'மை அங்கிள் ஆர் எ டிரைவர்' என்று ஆரம்பிக்கும். பிள்ளைகள் சிவப்புச் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். ஒரு தப்புக்கு ஒரு கடலை மிட்டாய். தப்பு எழுதி மாட்டிக்கொண்டவர் அதைக் கொடுத்து, கும்பிட்டு, "கண்டுபுடிச்சதுக்கு நன்றிங்க" என்று சொல்ல வேண்டும். டீச்சர் கும்பிடும்போது பிள்ளைகள் போடும் கூச்சலில் பக்கத்து அறையில் என் கணக்குப் பாடம் அம்போவென்று போய்விடும்.

போன ஐப்பசியில் அதுவே வினையானது. எட்டு மாதம் கழித்து ஊர் வந்த ரிக் டிரைவர் மோகன்குமார், மகள் நித்யஸ்ரீயைப் பார்க்கிற ஆசையில் வெள்ளிக்கிழமை மதியம் ஜன்னல் ஓரம் வந்து நின்றிருக்கிறார். பிள்ளைகள் வட்டம் போடத் தொடங்கும் முன்பே போர்டைப் பார்த்தார். போனில் படம் பிடித்து, 'இதுதான் டீச்சர் இங்கிலீசு' என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் என் மேசை முன்னால் வந்து நின்றார்.

"எம்புள்ளைக்கு டிசி குடுத்துருங்க டீச்சர். தனியார் ஸ்கூல் வேன் எங்க ஊட்டு வாசலுக்கே வருதுங்க."

பள்ளியில் மொத்தம் இருபத்திரண்டு பிள்ளைகள். நித்யஸ்ரீ போனால் அவள் தெருவே அந்த வேனில் ஏறிவிடும். பிறகு பிள்ளைகள் குறைவு, பணிநிரவல் என்று தெய்வநாயகியை வேறு ஊருக்குத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். மனிதர் காதில் வாங்கினால்தானே! தெய்வநாயகியோ முகம் வெளுத்து நின்றார். ஸ்கேலுக்குக் கை நீட்டிய அதே சின்னப் பெண்ணை அன்றைக்கு நான் பார்த்தேன்.

"லெட்டர் எழுதிக் குடுங்க" என்றேன், வேறு வழியில்லாமல்.

"இங்கிலீசுலயே எழுதறனுங்க" என்று வீம்பாக உட்கார்ந்தார். ரிக்கில் எத்தனை அடி, என்ன பாறை என்று தினமும் சீட்டு எழுதுகிற கை. அதே மாதிரி எல்லாம் பெரிய எழுத்தில், வரிக்கு வரி நம்பர் போட்டு எழுதி, மேசைமேல் வைத்தார்.

அப்பாவைப் பார்க்க ஓடிவந்த நித்யஸ்ரீ அதை எட்டிப் பார்த்தாள். நான் தடுப்பதற்குள் என் சிவப்புப் பேனாவை எடுத்து மடமடவென்று வட்டம் போட்டாள்.

"அப்பா, ஒம்பது! ஒம்பது முட்டாய் எடுங்க!"

வாசலில் கூடியிருந்த பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். மோகன்குமார் முகம் சிவந்தது. பிள்ளையை அறைந்துவிடுவாரோ என்று நான் பயந்தே போனேன்.

"என்ன கண்ணு இது?"

"நம்ம டீச்சரு வேணும்னே தப்பா எழுதுவாங்கப்பா. நாங்க புடிக்கோணும். புடிச்சா கும்புடுவாங்க. நீங்களும் கும்புடோணும்."

மோகன்குமார் மகளைப் பார்த்தார், ஒன்பது வட்டங்களைப் பார்த்தார். பிறகு தெய்வநாயகியைப் பார்த்தார். தெய்வநாயகி மெதுவாக, என் மேசைமேல் இருந்த தன் மிட்டாய் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"மொதல் தடவைங்க. எம்பாட்டல்லயே எடுத்துக் குடுங்க."

மனிதர் எழுந்தார். ஆறடி ஆள், எட்டு வயது மகளுக்குக் கும்பிட்டு, "கண்டுபுடிச்சதுக்கு நன்றிங்க" என்றார். அப்புறம் திரும்பி, டீச்சருக்கும் ஒரு கும்பிடு போட்டார். தெய்வநாயகி சிரிக்கப் போய் அழுதுவிட்டார். நானும்தான்.

லெட்டரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனவர், பத்தே நிமிடத்தில் அதே வாட்ஸ்அப் குழுவில் அதைப் படமாகப் போட்டார். சிவப்பு வட்டம் ஒன்பதும் பளிச்சென்று தெரிந்தன. கீழே தமிழில் எழுதியிருந்தார்: 'தப்பு எழுதியது நான். திருத்தியது என் மகள், மூன்றாம் வகுப்பு. டிசி வேண்டாம்.'