திரும்பி வர ஏழு நிமிஷம்

மிஸ் ஓடில் ஷெராமியால் எதையும் விசாரிக்காமல் இருக்க முடியாது. ஊர்வம்பு அளக்க அரசாங்கமே மாடி அறை கட்டிக்கொடுத்து, இருபத்திரண்டு வருஷமாகச் சம்பளமும் கொடுக்கிறது என்று எங்கள் ஊரில் கிண்டல் செய்வார்கள். கிண்டல் செய்கிறவர்கள்தான் ஏதாவது சேதி தெரிய வேண்டுமென்றால் முதலில் அவளிடம் போவார்கள்.

லூசியானாவின் தெற்கே, கடலைப் பார்த்து ஓடும் நெடுஞ்சாலை எங்கள் ஊரில் உப்பங்கழியைத் தாண்டும் இடத்தில் தூக்குப் பாலம் இருக்கிறது. அதன் ஓரத்தில் உயரமாக நிற்கும் அறைக்கு ஊரில் வைத்த பெயர் கூண்டு. இறால் படகு ஒரு நீளம், ஒரு குட்டை என்று ஊதினால் ஓடில் சிவப்பு விளக்கைப் போடுவாள், மணியை அடிக்க விடுவாள், இரு பக்கமும் தடுப்புக் கட்டையை இறக்குவாள். பாலத்தில் ஈ காக்கை இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் பொத்தானைத் தொடுவாள். சாலையின் நடுத்துண்டு மேலே எழும்பும்போது, அதற்கு ஈடாக அக்கரை முனையில் வீடு கனமுள்ள ஒரு கான்கிரீட் பாளம் தூணுக்குள் இருக்கும் குழியில் இறங்கும்.

படகு கடக்கும் இடைவெளியில் வயர்லெஸ்ஸில் அவள் விசாரணை நடக்கும். "நோலன், உன் பெண்டாட்டிக்கு முதுகுவலி தேவலையா? போன தடவை அந்தப் பக்கமா சாய்ஞ்சு நின்னா." நோலன் அவளுடைய சித்தி மகன். "அக்கா, முதல்ல பாலத்தைப் பாரு" என்பான். அவள் இரண்டையும் பார்ப்பாள்.

இவ்வளவு தெரிந்தவளுக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் இரண்டு வருஷமாகப் பிடிபடவில்லை. யூலிஸ் டெரியோ என்று எழுபத்தொரு வயதுக்காரர், தனிக்கட்டை, எண்ணி எண்ணிப் பேசுகிறவர். புதன்கிழமை காலையில் பாலத்தைத் தாண்டி அக்கரைக் கடைக்கு நடப்பார். போகும்போது பாலத்தைக் கடக்க அவருக்கு மூன்று நிமிஷம். திரும்பி வர ஏழு. முழங்காலா? பையின் கனமா? ஒரு ரொட்டிக்கும் நாலு வெங்காயத்துக்கும் அப்படி என்ன கனம்? பாலத்தின் அக்கரை முனையை ஒரு பெரிய அறிவிப்புப் பலகை மறைத்ததால், அவர் கொஞ்ச நேரம் அவள் கண்ணில் படாமல் போய்விடுவார். ஓடிலுக்கு அந்த நாலு நிமிஷம் பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு புதன்கிழமை ஜன்னலைத் திறந்து, "மிஸ்டர் யூலிஸ், அங்க நின்னு என்ன பண்றீங்க?" என்று கேட்டும் விட்டாள்.

அவர் நடையைக் கட்டினார். வீட்டுக்குப் போய் மேலிடத்துக்குக் கடிதம் எழுதிப் போட்டார்.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆகஸ்டு மாதம், இறால் பருவம் திறந்த மூன்றாம் நாள், தலைநகரிலிருந்து லெஜூன் என்ற அதிகாரி வந்து சேர்ந்தார். முப்பது வயது இருக்கலாம். கழுத்தில் நேரம் அளக்கும் கடிகாரம் தொங்கியது. கூண்டின் மேல் நாலு கேமராவும் உள்ளே நாலு திரையும் மாட்டி ஒரு வாரம் ஆகியிருந்தது. பாலத்தை இனித் தொண்ணூறு மைலுக்கு அப்பால் ஓர் அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்தே இயக்கிவிடலாம் என்று யோசனை. அன்று பாலம் திறக்க ஆகும் நேரத்தை அளந்ததும் முடிவு. ஓடிலுக்கு ஏதோ ஓர் அலுவலகத்தில் நாற்காலி கிடைக்கும். நாற்காலி யாருக்கு வேண்டும்? இந்த ஜன்னல் போய்விட்டால் தனக்கு என்ன மிச்சம் என்று நினைத்துக்கொண்டாள்.

லெஜூன் கடிதத்தை வாசித்தார். "'இந்தப் பெண்மணி எங்கள் பைக்குள் இருப்பதை எண்ணுகிறார்'னு எழுதியிருக்கார்."

"பொய். நான் எங்க எண்ணுறேன்? கண்ணுல படுது, அவ்வளவுதான்."

"பாலம் திறக்க நீங்க ரொம்ப நேரம் எடுக்கிறதாவும் எழுதியிருக்கார்."

"அவருக்கா நேரத்தைப் பத்திப் பேச்சு!" என்றாள் ஓடில். "பாருங்க, அவரே வர்றார். மணி பத்து ஆறு. ரொட்டி, வெங்காயம். இன்னைக்கு மூணுதான் போல."

யூலிஸ் அக்கரையிலிருந்து பாலத்தில் கால் வைத்து, பலகைக்குப் பின்னால் போனார். அதே நேரம் பார்த்து நோலனின் படகு ஊதியது. ஓடில் பதிலுக்கு ஊதிவிட்டு வேலையில் இறங்கினாள். விளக்கு, மணி, கட்டை. லெஜூன் கடிகாரத்தைத் தட்டிவிட்டார். இரு பக்கமும் லாரிகள் வரிசை கட்டின. அவள் கை பொத்தானுக்குப் போய், அப்படியே நின்றது.

"என்னாச்சு மேடம்?"

"மிஸ்டர் யூலிஸ் இந்தப் பக்கம் வரல."

லெஜூன் நாலு திரையையும் காட்டினார். "பாலம் சுத்தமா இருக்கு. மணி அடிச்சதும் வந்த வழியே திரும்பிப் போயிருப்பார்."

"போயிருந்தா அக்கரைக் கட்டைக்கிட்ட நிப்பாரு. அங்கயும் ஆளைக் காணோம். அவருக்கு ஏழு நிமிஷம் ஆகும். இப்ப நாலுதான் ஆகியிருக்கு. பாலத்துல எங்கேயோதான் இருக்காரு."

வயர்லெஸ் கத்தியது. "அக்கா, தண்ணி பின்னாலேர்ந்து தள்ளுது! தூக்கு!"

"நிறுத்துடா நோலன். திறக்க மாட்டேன்."

"என்னது?"

அவள் ஐந்து தடவை குட்டை குட்டையாக ஊதினாள். திறக்கமாட்டேன் என்பதற்கு அதுதான் அடையாளம். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அப்படி ஊதியது அது மூன்றாம் முறை. நோலன் இயந்திரத்தைப் பின்னோக்கித் திருப்பி, வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே, படகைக் கரைச் சேற்றில் கொண்டுபோய்ச் செருகினான்.

"மேடம், உங்க ஊகத்தை நான் படிவத்துல எழுத முடியாது" என்றார் லெஜூன். அவர் குரலில் எரிச்சலைவிடப் பரிதாபம்தான் அதிகம். இந்த அம்மாள் தன் வேலைக்குத் தானே உலை வைத்துக்கொள்கிறாளே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஓடிலுக்கும் அது தெரிந்தே இருந்தது. ஆனாலும் பொத்தான் பலகையிலிருந்து சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டாள். மணியை நிறுத்தினாள். படியில் இறங்கி, லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டத் திட்ட, பாலத்தின் மேல் ஓடினாள்.

அறிவிப்புப் பலகைக்குப் பின்னால் ஒரு ஜோடி வெள்ளை ரப்பர் பூட்ஸ் ஒழுங்காக நின்றது. கைப்பிடிக் கம்பியில் ரொட்டிப் பை தொங்கியது. கம்பிக்குக் கீழே, தூணின் குழிக்குள் இறங்கும் இரும்பு ஏணியில், வெறுங்காலோடு யூலிஸ். அவருடைய வேலை உடுப்பின் தோள்வார் ஒரு போல்ட்டில் மாட்டி இறுகியிருந்தது. ஒரு கை ஏணியில். இன்னொரு கையில் கயிறு. கயிற்றின் நுனியில் நண்டு பிடிக்கும் ஒரு வலைக்கூடு.

"எவ்வளவு நேரமாக் கத்துறேன்! அந்தப் பாழாப்போன மணியில யாருக்குக் கேக்கும்?" என்றார். முகம் வெளுத்திருந்தது.

காலில் அடிபட்டதா, மூச்சு சரியாக வருகிறதா என்றெல்லாம் அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "ரெண்டு வருஷமா அந்த நாலு நிமிஷம் இதுக்குத்தானா?" என்றாள்.

"தூணடியில நல்ல நண்டு. நீ பாத்தா ஊருக்கே தெரியும்."

"அதுக்காகவா என்மேல கடுதாசி எழுதினீங்க?"

"வேற எதுக்கு எழுதுவாங்க?"

பின்னாலேயே ஓடி வந்த லெஜூன் எட்டிப் பார்த்தார். யூலிஸின் தலைக்கு மேலே அந்தக் கான்கிரீட் பாளம் அசையாமல் தொங்கியது. லெஜூன் பேனாக்கத்தியை எடுத்துத் தோள்வாரை அறுத்தார். இருவரும் கிழவரை மேலே இழுத்துப் போட்டார்கள். லெஜூன் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார். கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தக்கூடத் தோன்றவில்லை.

"என் கையில பொத்தான் இருந்திருந்தா அமுக்கியிருப்பேன், மிஸ் ஓடில்" என்றார். "திரையில ஒண்ணுமே இல்லியே."

அன்று சாலையில் ஆன தாமதம் பத்தொன்பது நிமிஷம். காரணம் என்ற கட்டத்தில் அவர் என்ன எழுதினார் என்று தெரிந்துகொள்ள ஓடில் தலையை எவ்வளவோ நீட்டிப் பார்த்தாள், காட்டவில்லை. அது அவளுக்கு இன்றும் தெரியாது, இன்றும் ஆறவில்லை. ஆனால் மறுமாதம் உத்தரவு வந்தது. கேமராக்கள் இருக்கும், கூண்டில் ஆளும் இருக்கும். அக்கரை அறிவிப்புப் பலகையைத் தள்ளி நட்டார்கள், குழியின் ஏணிக்குப் பூட்டு போட்டார்கள். நோலன் மட்டும் சேற்றில் கிடந்த இரண்டு மணி நேரத்தை வருகிற போகிற தடவையெல்லாம் வயர்லெஸ்ஸில் சொல்லிக் காட்டுகிறான். அவள் அவனுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை கம்போ குழம்பு சமைத்துப் போட்டும் வாய் ஓயவில்லை.

யூலிஸ் இரண்டு புதன்கிழமை பாலத்துப் பக்கமே வரவில்லை. ஓடில் பத்து மணியிலிருந்து ஜன்னலை விட்டு நகராமல் காத்திருந்துவிட்டு, வருத்தத்தோடு காப்பி போட்டுக் குடித்தாள். அவமானப்படுத்திவிட்டோமோ என்று நினைத்தாள்.

மூன்றாவது புதன்கிழமை வந்தார். பத்து ஆறுக்கு அக்கரையிலிருந்து பாலத்தில் கால் வைத்தார். பாலத்தின் நடுவில், எதுவும் மறைக்காத இடமாகப் பார்த்து நின்றார். கூண்டைப் பார்த்துத் திரும்பி, பையின் வாயை இரண்டு கையாலும் அகல விரித்து உயர்த்திப் பிடித்தார்.

"ரொட்டி ஒண்ணு! வெங்காயம் நாலு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். "நண்டு இல்ல! நான் வீட்டுக்குப் போறேன், பாத்துக்கிட்டியா?"

"பாத்துட்டேன், மிஸ்டர் யூலிஸ்!" என்றாள் ஓடில்.

மூன்று நிமிஷத்தில் கடந்துவிட்டார்.