சகலையின் முழங்கால்

பஸ் டிரைவரும் அவருடைய சகலையும் ஒரே பைக்கிலிருந்து விழுந்ததில், இருவருக்கும் முழங்கால் தசைநார் பாதி கிழிந்தது. ஆபரேஷனுக்குப் பயந்து ஒரே வைத்தியரிடம் போனார்கள். அவர் எண்ணெய்க் கட்டுப் போட்டு, காலை அசைக்காமல் படுக்கச் சொன்னார். ஐந்தாம் வாரம் எதிர்வீட்டுச் சகலை கம்பில்லாமல் நடந்தார். டிரைவருக்கு வயிறு எரிந்தது.

“அவருக்கு மட்டும் நல்ல எண்ணெய் போடுறீங்களா?” என்று வைத்தியரிடமே கேட்டுவிட்டார்.

வைத்தியர் அவருடைய வீக்கத்தை அழுத்திப் பார்த்தார். “எண்ணெய் ஒண்ணுதான். அவர் அசையாம படுத்திருந்தாரு. நீங்க?”

மனைவி முந்திக்கொண்டாள். “இவரா? அக்கா வீட்டுக்காரர் நடக்கிறாரான்னு பார்க்க, தினமும் பத்து தடவை எந்திரிச்சு ஜன்னலுக்குப் போவாரு!”

டிரைவர் அன்றே கட்டிலை உள்ளறைக்கு மாற்றச் சொன்னார். மூன்றாம் மாதம் அவரும் நன்றாக நடந்தார். அதற்குள் சகலை மாடிப்படி ஏறியதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.