நாங்கள் சிரிக்காத காட்சி

என் அக்காவான ராத்தாவைக் கலியாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, மச்சானிடம் ஓர் உடுப்புப் பெட்டியும் துவாயில் சுற்றிய ஒரு வீடியோ டெக்கும் இருந்தன. டெக்குக்குள்ளே ஒரு கசெட் கிடந்தது. காதலும் பகிடியும் கலந்த இந்தியப் படம். சம்மாந்துறையில் நெல் ஆலையொன்றில் வேலை பார்த்த அந்த ஒல்லி மனிதர், அன்றிலிருந்து கல்முனையில் எங்கள் வீட்டாள் ஆனார்.

ஜும்ஆ முடிந்து, சாப்பாடும் முடிந்த வெள்ளிக்கிழமைகளில் அந்தப் படம் ஓடும். அக்கம்பக்கத்தாரும் வந்து கூடம் நிறைந்துவிடும். பஸ் சீற்றுக்காகச் சண்டை பிடிக்கும் ஒருவனும் ஒருத்தியும் பாதிப் படம் வரை ஒருவரையொருவர் மட்டந்தட்டியே காதலிப்பார்கள். எனக்கு அப்போது பதினேழு வயது. அவளுடைய வாய்க்கொழுப்பு முழுவதும் எனக்கு மனப்பாடம். முடிந்ததும் "மறுகா போடுங்க மச்சான்" என்று நச்சரிப்பேன்.

கதாநாயகியின் அக்காவுடைய கணவர் மாமனார் வீட்டில் இருப்பவர். அவர் பேப்பரை விரித்தால் மாமனார் பறிப்பார். தோசை கருகினால் அவர் தட்டுக்கு வரும். மாமியாரின் பையைத் தூக்கிக்கொண்டு சந்தையில் பின்னாலேயே நடப்பார். அவர் தலை தெரிந்தாலே கோமாளி இசை தொடங்கிவிடும். எங்கள் கூடத்தில் ஒருவரைத் தவிர வேறு எவரும் சிரித்ததில்லை. அவர் சிரிப்புக்கு வைத்த ஆள் என்பதே எங்களுக்கு விளங்கவில்லை. படத்தில் உருப்படியான மனிதர் அவர் ஒருவர்தான் என்று நினைத்துவிட்டோம்.

"அந்த மனிசன் என்ன குத்தம் செஞ்ச? ஏன் அவரப் போட்டு இப்பிடிப் படுத்துறானுகள்?" என்று உம்மா கொதிப்பா.

"மாமிட பேக்கத் தூக்கினா கை தேஞ்சிருமா?" என்பார் வாப்பா. அவரும் உம்மாவின் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர்தான். அங்கே குந்தியிருந்த கலியாணம் முடித்த ஆண்கள் எல்லோரும் அப்படித்தான். படத்தில் அந்த மனிதரை 'வீட்டோடு மாப்பிள்ளை' என்று கேலி செய்தார்கள். எங்கள் ஊரில் அதற்குத் தனியாக ஒரு பெயர் தேவைப்படவில்லை. மாப்பிள்ளை என்றாலே பெண் வீட்டுக்கு வருபவன்தான்.

மச்சான் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். "நம்மட ஊருக்கு வந்து பாத்துட்டுத்தான் படம் எடுத்திரிக்கானுகள்" என்பார். மறுநாள் காலையில் உம்மாவின் பையை வாங்கிக்கொண்டு, படத்தில் வந்தவரைப் போலவே கூனிக் கூனிக் கல்முனைச் சந்தைக்கு நடந்தார். சிரிப்பு அடங்காமல் உம்மா நடுத்தெருவில் நின்றுவிட்டா. பின்னாளில் வாப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது ஆறு வருடம் குளிப்பாட்டியதும் சவரம் செய்ததும் மச்சான்தான். சோறு வேண்டாம் என்று வாப்பா முகத்தைத் திருப்பினால், கட்டிலைச் சுற்றி அதே நடை நடப்பார். வாப்பாவின் பாதி வாய் சிரிக்கும். அந்த இடைவெளியில் ஒரு கவளம் போய்விடும். மச்சான் மௌத்தாகி மூன்று வருடமாகிறது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

போன மாதம் கொழும்பிலிருந்து லீவில் வந்த என் மகன், போனில் ஒரு துண்டு வீடியோவைக் காட்டிச் சிரித்தான். அதே படம், அதே பை, அதே சந்தை. கந்தோரில் கூட வேலை பார்க்கும் கூட்டாளிமார் அனுப்பினார்களாம்.

"பாத்தீங்களா உம்மா? நான் பொண்ணு வீட்டுக்குக் குடிபோனா என்னையும் இப்பிடித்தான் செல்லுவானுகள்."

அவனுக்குப் பேசி வைத்திருப்பது சாய்ந்தமருதில் ஓர் ஆசிரியை. அவள் உம்மா நோயாளி. அவவை விட்டு அவள் வர ஏலாது என்பது முதல் நாளிலிருந்தே இவனுக்குத் தெரியும். இருந்தும், கலியாணத்துக்குப் பிறகு அவள்தான் நம் வீட்டுக்கு வரவேண்டும் என்று நின்றான். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுவோம் என்று பெண் வீட்டார் ஆள் அனுப்பியிருந்தார்கள். மகளுக்குச் சீதனமாக வீடு கட்டியே பெற்றோர் முதுகு ஒடிவது நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். அதை எதிர்த்து, எனக்கு அந்த வீடு வேண்டாம் என்று அவன் நின்றிருந்தால் தலையில் தூக்கிவைத்து ஆடியிருப்பேன். அவன் பயந்தது கூட்டாளிமாரின் பல்லிளிப்புக்கு.

அன்று பின்னேரம் முழுப் படத்தையும் தேடிப் பிடித்துப் பார்த்தேன். எனக்கு இன்னும் பிடிக்கிறது, அதை ஒளிக்கப் போவதில்லை. பஸ் சண்டைக்கு இப்போதும் தனியாக இருந்து சிரித்தேன். ஆனால் ஒன்றை இத்தனை வருடமாய்க் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். அந்த மனிதருக்குப் படத்தில் ஒரு பெயர்கூட வைக்கவில்லை. கடைசியில் கலியாண வீடே கலைந்து ஓடும்போது, விருந்தாளிக்குச் சோறு போடுவது அவர் ஒருவர்தான். அதற்கும் கோமாளி இசைதான். எடுத்தவர்களுக்குத்தான் விளங்கவில்லை, எங்கள் உம்மாவுக்கு விளங்கியிருக்கிறது.

முற்றத்தில் தண்ணீர் மோட்டரைக் கழற்றிக்கொண்டிருந்த என் கணவரைக் கூப்பிட்டு மகனுக்கு முன்னால் உட்காரவைத்தேன். கையெல்லாம் கிறீஸ்.

"இப்ப அந்த வீடியோவ மறுகா போடு. வாப்பாட முகத்தப் பாத்துச் சிரி."

"என்ன உம்மா கதைக்கிறீங்க?"

"இது ஆர்ட வீடு?"

"நம்மட வீடு."

"இல்ல, என்ட வீடு. எனக்குச் சீதனமா வந்த வீடு. ஒன்ட வாப்பா இஞ்ச மாப்பிளையா வந்து இருபத்தெட்டு வருஷம். நீ பொறந்ததும் வளந்ததும் இஞ்சதான்."

அவன் வாப்பாவைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து பார்த்த முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவனைப் போல இருந்தான். போனைக் கவிழ்த்து வைத்தான். அவர் கிறீஸ் கையைச் சாரத்தில் துடைத்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள செல்லு மகன்" என்றேன். "போறெண்டா மனசோட போ. ஏலாதெண்டா, அந்தப் புள்ளைக்கு நானே வேற மாப்பிள பாத்துக் குடுப்பன்."