ஓனர் ஒரு வார்த்தை சொல்லணும்

எங்கள் காரை வாங்கியவர் என் வீட்டுக்காரர். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனுஷன். அவர் ஒரு ஷோரூமில் போய் உட்கார்ந்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது.

2008ஆம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை. முதுநகரில் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து, கடலூர் மெயின் ரோட்டில் இருந்த ஷோரூமுக்குப் போனோம். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு ஆரம்பம். அதற்குள் வண்டி வாசலைத் தாண்டிவிட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். எங்களைவிட விற்பனைக்காரருக்குத்தான் அது நன்றாக ஞாபகம் இருந்தது. டீ கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார், பத்து மணிவரை உட்கார வைத்தார். நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரமும் காட்டியான பிறகு, பத்தேகாலுக்கு ஒரு புதுத் தாளைக் கொண்டுவந்து நீட்டினார். பேசிய விலைக்கு மேல் பதினாலாயிரம். சீட் கவர், மேட், அதற்குக் கீழே ‘ஹேண்ட்லிங்’ என்று ஒரு வரி.

“ஹேண்ட்லிங்னா என்னங்க?” என்று கேட்டேன்.

“வண்டிய கம்பெனியிலேருந்து இங்க கொண்டாந்த செலவு மேடம்.”

“கொண்டாராம எப்பிடி விப்பீங்க?”

நான் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். தப்பான கூட்டலைப் பார்த்தால் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். விற்பனைக்காரர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, “சார், மணி பத்து இருவது” என்றார். இவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். புதுக் காரில் முதல் சவாரி முழுக்க அவர் கேட்டுக்கொண்டு வந்தது என் வசவைத்தான்.

முதல் மாதத்திலிருந்தே இரண்டாவது கியர் போடும்போது கரகரவென்று ஒரு சத்தம். மூன்று ஃப்ரீ சர்வீஸிலும் சொன்னோம். பாதாளச் சாக்கடைக்காக ஊர் முழுக்கத் தோண்டிப் போட்டிருந்த நேரம் அது. “கடலூர் ரோடு அப்பிடி மேடம்” என்றார்கள். கியருக்கும் ரோட்டுப் பள்ளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மூன்று தடவையும் ஜாப் கார்டில் புகாரை எழுதி, பக்கத்தில் ‘ஓகே’ என்று டிக் அடித்துக் கொடுத்தார்கள். அந்த மூன்று கார்டையும் பத்திரமாக எடுத்து வைத்தேன்.

அடுத்த வருஷம் ஏப்ரலில், காலையில் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலது கை போனது. கால் இழுத்துக்கொண்டது. பேச்சு முழுசாகப் போய்விட்டது. நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரியும், திருப்பிச் சொல்லத்தான் வராது. வாயைத் திறப்பார், காற்றுதான் வரும். அப்போது அவருக்கு ஐம்பத்தொரு வயது.

சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு மாதத்தில் கைத்தடியோடு நடக்க ஆரம்பித்தார். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாவும் அங்கேதான் இருந்தார். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “மொதல் ஆறு மாசம்தாம்மா முக்கியம். அதுக்குள்ள வர்றதுதான் ஜாஸ்தி வரும். வாரத்துல மூணு நாள். ஒரு நாள் கூட விட்டுடாதீங்க.” ஏப்ரல், மே, ஜூன் என்று விரல் விட்டு எண்ணினேன். செப்டம்பர் கடைசியோடு முடிந்தது.

ரயில் கிடையாது. அகலப் பாதை போடுவதற்காகத் தண்டவாளத்தைக் கழற்றிப் போட்டிருந்த காலம். பஸ்ஸில் ஒரே ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனேன். புதுச்சத்திரம் தாண்டியதும் அவருக்கு அவசரமாக ஒன்றுக்கு வந்திருக்கிறது. என் கையைப் பிடித்துப் பிடித்து இழுத்தார். எனக்குப் புரிவதற்குள் வேட்டி நனைந்துவிட்டது. “காலங்காத்தாலயே ஊத்திக்கினு வந்துட்டான் பாரு” என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல். அதற்குப் பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு என்றாலே எங்கள் வீட்டு கேட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்வார், நகரவே மாட்டார்.

டாக்ஸிக்குப் போக வர எண்ணூறு ரூபாய். நான் சம்பளமில்லாத லீவில் இருந்தேன். வேறு வழியில்லாமல் நாற்பத்தாறு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பயத்தில் ஸ்டியரிங் ஈரமாகிவிடும். ஆனாலும் ஜூன் பிறந்ததும் வாரம் மூன்று நாள் அவரை நானே கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடி முன்னால் உட்கார வைத்து உதட்டைக் குவிக்கச் சொல்லுவார் அந்த அம்மா. ஜூலை முதல் வாரத்தில் குவிக்க வந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் குவித்துக்கொண்டே வந்தார். நான் சிரித்தேன், அவரும் கோணல் வாயோடு சிரித்தார்.

அடுத்த வாரமே ஆலப்பாக்கத்துக்குப் பக்கத்தில் கியர் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. லாரியில் கட்டி இழுத்துக்கொண்டுதான் கடலூர் சர்வீஸ் சென்டரில் விட வேண்டியிருந்தது.

அங்கே வண்டிகளை வாங்கி எழுதிக்கொள்கிறவர் கழுத்தில் டை கட்டிய ஆள். வண்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். “கியர் பாக்ஸ், கிளட்ச் ரெண்டும் போச்சு மேடம். முப்பத்தோராயிரத்து நானூறு வரும். லேடீஸ் ஓட்டுனா இது சகஜம். கிளட்ச்லயே கால வெச்சுக்கினு ஓட்டுவாங்க.”

“வாரண்டி இருக்கே?”

“ஓட்டுறவங்க தப்புக்கு வாரண்டி வராது மேடம்.”

மூன்று ஜாப் கார்டையும் மேஜைமேல் போட்டேன். “இது எங்க வீட்டுக்காரர் ஓட்டுனப்ப குடுத்தது. அப்பவே சத்தம் வந்துச்சு.”

“ஓகேன்னு டிக் பண்ணியிருக்கு பாருங்க மேடம்.”

“டிக் பண்ணது யாரு?”

“நாங்கதான்.”

அதை அவர் கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் சொன்னார். பிறகு கம்ப்யூட்டரைத் தட்டினார். “எதுவா இருந்தாலும் ஓனர் ஒரு வார்த்தை சொல்லணும் மேடம். வண்டி சார் பேர்ல இருக்கு. சார் ஓகே சொன்னாதான் கை வெப்போம்.”

“அவரால பேச முடியாதுங்க.”

“அப்ப சாயங்காலம் ஃபோன் பண்ணட்டுமா?”

பக்கவாதம் என்று விளக்கினேன். “சாரி மேடம்” என்று சொல்லி எதையோ எழுதிக்கொண்டார். புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு, என் வீட்டுக்காரரின் செல்ஃபோன் அடித்தது. நான் அடுப்படியில் இருந்தேன். எத்தனையோ நாளாக யாரும் அடிக்காத ஃபோன் அது. நான் வருவதற்குள் இடது கையால் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். “சார், முப்பத்தோராயிரத்து நானூறு, ஓகேங்களா சார்? சார்? லைன்ல இருக்கீங்களா சார்?” கழுத்து நரம்பு புடைக்க, வாயைத் திறந்து திறந்து மூடினார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. “சரியா கேக்கல சார், திரும்பக் கூப்புடறேன்” என்று வைத்துவிட்டார்கள். ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே உட்கார்ந்திருந்தார். நான்தான் பிடுங்கி வாங்கினேன்.

மறுநாளே முப்பத்தோராயிரத்தைக் கொண்டுபோய் வைத்திருக்கலாம். என் கழுத்தில் செயின் இருந்தது. ஆனால் எனக்கு நியாயம் வேண்டியிருந்தது. கம்பெனி தலைமை ஆபீசுக்கு ரிஜிஸ்டர் தபால் போட்டேன், ஜாப் கார்டு நகலில் சிவப்புக் கோடு போட்டு. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன் என்றேன். “மேல கேட்டு சொல்றோம் மேடம்” என்பார் சர்வீஸ் சென்டர் மேனேஜர். மறுபடி போனால் மறுபடியும் அதுவே. என் கார் ஒரு மூலையில் வாயைப் பிளந்து நின்றது, அதன் கியர் பாக்ஸ் அட்டைப்பெட்டிமேல் கிடந்தது. முதல் வாரம் டாக்ஸியில் இரண்டு தடவை சிதம்பரம் போனோம். அடுத்த வாரம் ஒரு தடவை. மூன்றாவது வாரம் போகவில்லை. கண்ணாடி முன்னால் நானே உட்கார வைத்துப் பார்த்தேன். உதட்டைக் குவிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காவது வாரம் என் வீறாப்பெல்லாம் போய்விட்டது. “சரிங்க, கேட்ட பணத்த குடுத்துடறேன். வண்டிய முடிச்சுக் குடுத்துடுங்க” என்றேன். அப்போதுதான் மேனேஜர் கடிதம் கேட்டார். ஓனர் கையெழுத்தோடு சம்மதக் கடிதம். இடது கைப் பெருவிரல் ரேகை வைத்துக் கொண்டுபோனேன். “வாங்கறப்ப சார் கையெழுத்துப் போட்டிருக்காரு. இப்ப கைநாட்டு வெச்சா நாளைக்கு எங்களுக்குப் பிரச்சன மேடம்” என்றார். டாக்டரிடம் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தேன். அது ‘மேலே’ போனது. மேலே என்பது எந்த மாடி என்று கேட்டேன். சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. இப்படியே இன்னும் மூன்று வாரம். ராத்திரி படுத்தால் நாள் கணக்கு ஓடும். செப்டம்பர் வந்துவிட்டது.

ஏழாவது வாரம் ஒரு காலை, அவருக்கு இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுவிட்டு, ஆட்டோவில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்குக் கூட்டிப்போனேன். பாருங்களடா, இதுதான் உங்கள் ஓனர், இவரிடம் வாங்குங்கள் வார்த்தையை என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும். அவரைக் காட்டி அவர்களை வெட்கப்பட வைக்க வேண்டும். அதற்காகத்தான் கூட்டிப்போனேன். அதை இன்று நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

மேனேஜர் எழுந்து நாற்காலி போட்டார். இவர் உட்காரவில்லை, கைத்தடியை ஊன்றி நின்றார். செலவுக் கணக்குத் தாளை நீட்டி, காது கேளாதவரிடம் பேசுவதுபோல மேனேஜர் கத்தினார்: “சார்! வண்டிக்கு இவ்ளோ செலவாகும் சார்! பண்ணிடலாமா சார்?”

இவர் அந்தத் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஆரம்பிக்க வாயெடுத்தேன். அவர் உதடு குவிந்தது. ஒரு தடவை, இரண்டு தடவை. கவுண்டரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“பரவால்ல” என்றார்.

பிசிறில்லாமல், தெளிவாக, அவருடைய பழைய குரலில். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை. நான் அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும், வாய்விட்டு அழுதேன். சந்தோஷமா, ஆத்திரமா என்று பிரித்துச் சொல்ல இப்போதும் எனக்குத் தெரியாது. இவர்களிடம் போயா, இந்த வார்த்தையா என்று இருந்தது.

“சாரே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன மேடம்” என்றார் மேனேஜர். அவருக்குப் பெரிய நிம்மதி. மைப்பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, அவரே இவர் இடது கைப் பெருவிரலைப் பிடித்து அழுத்தினார். அன்றைக்குக் கைநாட்டு செல்லுபடியானது.

சாமான் மெட்ராஸிலிருந்து வர இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. பில் முப்பத்து நாலாயிரத்தைத் தொட்டது. செயினை அடகு வைத்துக் கட்டினேன். கூட்டல் சரியா என்று பார்க்கவில்லை. வண்டி கைக்கு வந்தபோது அக்டோபர் பிறந்திருந்தது.

சிதம்பரத்தில் அந்த அம்மா அந்த வார்த்தையைக் கேட்டுக் கைதட்டினார். “உடம்பு நல்லா இருந்தப்ப அடிக்கடி சொன்ன வார்த்தையா இருக்கும். அதுதான் தானா மொதல்ல வரும்” என்றார். ஆமாம். காய்கறிக்காரர் எடை குறைத்தாலும் அதுதான், கண்டக்டர் மீதிச் சில்லறை தராவிட்டாலும் அதுதான். “இப்ப உங்க பேரு சொல்லுங்க” என்றார். பரவால்ல என்றார். சீப்பைக் காட்டி இது என்ன என்று கேட்டார். பரவால்ல. என்னைக் காட்டி இவுங்க யாரு என்றார். அதே பதில். போகப் போக மற்றதெல்லாம் வரும் என்று அந்த அம்மா சொன்னார். நம்பிக்கையோடு இரண்டரை வருஷம் ஓட்டினேன். வேறொன்றும் வரவில்லை. சாப்பாட்டில் உப்பு போடாமல் விட்டாலும், ஊசி போடும் இடத்தில் ரத்தம் கட்டினாலும், அவரிடம் இருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

2012இல் அந்த அம்மா, “இனிமே இவ்ளோ தூரம் வர வேணாம்மா, வீட்டுலயே பேச்சுக் குடுத்துட்டிருங்க” என்றார். கிளம்பும்போது, அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, திரும்ப உள்ளே போய் அந்த அம்மாவிடம் கேட்டேன். அந்த ரெண்டு மாசம் வராமப் போனதாலதான் இப்பிடியா? “அப்பிடி சொல்ல முடியாதும்மா. வந்திருந்தாலும் இவ்ளோதான்னு இருந்திருக்கலாம்” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

திரும்பும் வழியில் வெள்ளாற்றுப் பாலம் தாண்டி வண்டியை ஓரமாக நிறுத்தினேன். எதற்கு நிறுத்தினாய் என்பதுபோல என் பக்கம் திரும்பினார்.

“மொதல் நாளே பணத்த குடுத்திருந்தா உங்களுக்குப் பேச்சு வந்திருக்கும். நான் சண்ட போட்டுக்கினு நின்னேன். என்னாலதான் உங்களுக்கு இப்பிடி ஆயிடுச்சு, இல்ல?” என்றேன்.

இடது கையை நீட்டி என் தோளைத் தொட்டார்.

“பரவால்ல” என்றார்.

மணி என்ன என்று கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.