கஞ்சி போட்ட முக்காடு

என் தங்கையை ஆஸ்பத்திரியில் கஞ்சியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே துணிப் பிரிவில் அவளுக்குத் தையல் வேலை. கிழிந்த விரிப்புக்கு ஒட்டுப்போடுவாள், அங்கிகளுக்குப் பொத்தான் வைப்பாள், எதையும் கஞ்சி போடாமல் வெளியே அனுப்ப மாட்டாள். அவள் மடித்த தலையணை உறையைத் தரையில் வைத்தால் தானாக எழுந்து நிற்கும் என்று வார்டு ஆட்கள் கேலி செய்வார்கள்.

கணவர் போனபின் ஒரே மகளை அந்தத் தையலில்தான் வளர்த்தாள். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், ஆலயத்தில் கவுனோடு போடும் முக்காட்டை நானே தைப்பேன் என்று நின்றாள். காரணம் இருந்தது. முந்தின வருடம் வந்த நோயில் பெண்ணுக்கு முடி கொட்டிவிட்டது. புதிதாக முளைத்தது விரலில் பிடிபடவில்லை. காதுக்குப் பின்னால் அதுவும் இல்லை. கடை முக்காட்டில் சீப்பு வைத்திருப்பார்கள். சீப்பு நிற்க முடி வேண்டுமே. மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும். அவருடைய உறவுக்காரர்களுக்குத் தெரியாது.

"அவங்ககிட்ட நானே பிறகு சொல்லிக்கிறேம்மா. ஆனா அத்தனை பேர் முன்னாடி நழுவி விழுந்து தெரிய வேண்டாம்" என்றாள் பெண். அவள் கேட்டது அவ்வளவுதான்.

தங்கை ஒரு வெல்வெட் பட்டி தைத்தாள். பொசுபொசுவென்ற பக்கம் உள்ளே இருந்ததால் அது தலையைக் கவ்விப் பிடித்தது. அதன்மேல் நெட் துணியைச் சுருக்கி வைத்து, விளிம்பில் லேஸ் கட்டினாள். பெண் போட்டுக்கொண்டு குனிந்தாள், தலையை உலுக்கினாள். பட்டி அசையவில்லை.

"போதும்டி, சாமி வந்தவ மாதிரி ஆடாத" என்று தங்கை சிரித்தாள். பிறகு முக்காட்டைத் துவைத்துத் தேய்த்து வைத்தாள்.

கல்யாணத்தன்று காரிலிருந்து இறங்கும்போதே பெண்ணின் முகம் சரியில்லை. அவளைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப்போக வேண்டியவன் நான்.

"மாமா, பின்னாடி மேல ஏறுது. குனிஞ்சா கழண்டுடும்."

ஆலயத்தின் பக்க அறைக்குள் போனோம். தங்கை நெட்டைத் தொட்டுப் பார்த்தாள். சீட்டில் சாய்ந்ததில் அது மடங்கி, அட்டைபோல் முதுகில் முட்டிப் பட்டியை நெம்பிக்கொண்டிருந்தது.

"பாவி, இதுக்கும் கஞ்சி போட்டுத் தொலைச்சிருக்கேனே!"

"பெட்ஷீட்டுன்னு நெனச்சியாம்மா?" பெண் சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை.

"தண்ணில நனைச்சா?" என்றேன்.

"சொட்டச் சொட்டவா உள்ள போவா? சும்மா இருண்ணா, ஊசியக் கோத்துக் குடு."

எனக்கு நூல் நுழையவில்லை. அவளே பிடுங்கி, வாயில் ஈரமாக்கிக் கோத்தாள். உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது. கதவருகே நின்றவர் தலையை நீட்டினார். "எல்லாரும் எழுந்தாச்சு, வாங்க."

"நின்னா கால் ஒடிஞ்சிடாது!" என்றாள் தங்கை.

பிடரிக்குக் கீழே நெட்டைக் கொத்தாகப் பிடித்தாள். கழுத்தைத் திருப்ப ஒரு விரல் தளர்வு விட்டு, கவுனின் கழுத்துப்பட்டையோடு சேர்த்துத் தைத்தாள். கீழே என்ன இழுத்தாலும் முட்டினாலும் பாரம் கவுனில் விழும், தலைக்குப் போகாது. பெண் துள்ளினாள்.

"குத்திடுச்சா?"

"குத்தட்டும். நிக்குமாம்மா?"

"தெரியலடி" என்று நூலைப் பல்லால் கடித்தாள்.

நடந்தோம். பெண்ணின் நகம் என் கோட்டைத் தாண்டி உறைத்தது. பாதி வழியில், மாப்பிள்ளையின் பெரியம்மா நன்றாகப் பார்ப்பதற்காக ஓரடி முன்னே வந்தார். அவர் செருப்பு தரையில் இழுபட்ட முக்காட்டு நுனியில் ஏறியது. அது தெரியாமல் நாங்கள் அடுத்த அடி வைத்தோம்.

சர்ரென்ற சத்தம். பெண் சிலையானாள்.

"மாமா, தலைல இருக்கா?" உதடு அசையாமல் கேட்டாள்.

எனக்குத் திரும்பத் துணிவில்லை. அதற்குள் பின்னாலிருந்து தங்கை வந்துவிட்டாள்.

"ஐயையோ, இவ்வளவு அழகானதக் கிழிச்சிட்டேனே!" என்று பெரியம்மா பதறினார்.

தங்கை கிழிசலைப் பார்க்கவே இல்லை. பிடரியில் விரலை வைத்துப் பட்டியைத் தடவினாள். வைத்த இடத்திலேயே இருந்தது.

"கிழிஞ்சா கிழியட்டும் அண்ணி, கால மட்டும் எடுங்க" என்றாள். பிறகு மகளின் காதருகே குனிந்தாள். "அப்படியே இருக்குடி. நட."