மழையில் மட்டும் வருகிறவர்

குடைக்காரர் என்ற பேரைத் தையற்காரி முதன்முதலில் கேட்டது ஆஸ்பத்திரியில், பிரசவ அறைக்கு வெளியே போட்டிருந்த மர பெஞ்சில். சொன்னவள் அவளுடைய நாத்தனாரின் ஓரகத்தி. உள்ளே நாத்தனாருக்கு மூன்றாவது பிள்ளை பிறந்துகொண்டிருந்தது. அந்தப் பிள்ளைக்கு இப்போது இருபத்திரண்டு வயது, அதனால் வருஷத்தில் சந்தேகமே இல்லை. தையற்காரி அழுதுகொண்டிருந்தாள். பிரசவத்தை நினைத்து அல்ல. அவள் மிஷின் போட்டிருந்த கடையை அதன் சொந்தக்காரர் யாருக்கோ விற்றுவிட்டு, மாதம் முடிவதற்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். நாலு வருஷத்தில் அது மூன்றாவது கடை.

"குடைக்காரரைப் போய்ப் பாருடி," என்றாள் ஓரகத்தி. "கட்டடம் வாங்குவாரே ஒழிய விக்கமாட்டாரு. ஆனா ஒண்ணு, மழை பெய்யற அன்னிக்குப் போனாத்தான் ஆளைப் பிடிக்க முடியும்."

எட்டு நாள் கழித்து மழை பெய்தது. தையற்காரி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓரகத்தி சொன்ன இடத்துக்கு ஓடினாள். கீழே மூன்று கடை, மேலே நாலு வீடு என்று ஒரு பழைய கட்டடம். நடுக்கடை காலியாக இருந்தது. உள்ளே ஒரு மனிதர் கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டையோடு, மடித்த குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மூலையைப் பார்த்து நின்றிருந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையைச் சுவரில் வைத்திருந்தார். திரும்பிப் பார்க்காமலேயே கேட்டார்.

"மிஷின் காலால மிதிக்கிறதா, மோட்டாரா?"

"காலால மிதிக்கிறதுங்க."

"அப்போ இந்த மூலையில போடாதீங்கம்மா. மேல் வீட்டுல குழந்தை மதியம் தூங்கும்."

முன்பணம் பற்றியெல்லாம் அப்புறம்தான் பேசினார். அன்றிலிருந்து அவள் அந்த நடுக்கடையில்தான் இருக்கிறாள்.

குடைக்காரர் பரம்பரைப் பணக்காரர் இல்லை. அவருடைய அப்பா சுண்ணாம்பு அடிப்பவர். தாய்மாமன் ஒருவர் கிணறு தூர்வாருகிறவர். இவர் தொடங்கியது மொட்டை மாடிகளில் ஒழுகல் அடைக்கிற வேலையில். ஊரில் எந்தக் கட்டடத்துக்கு எங்கே வலிக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். சேர்த்த காசையும் பேங்கில் வாங்கிய கடனையும் வைத்து முதலில் அரைக் கடை வாங்கினார். அரை என்றால் நிஜமாகவே அரை. மறுபாதியில் ஒரு சாவி செய்கிறவர் இருந்தார். அந்தக் கடையின் வாடகை பேங்குக் கடனைக் கட்டி முடித்ததும், அதையே ஈடாகக் காட்டி அடுத்தது. அதன் வாடகை முடித்ததும் இன்னொன்று. கட்டடத்தை மழை நாளில் பார்க்காமல் வாங்கியதே கிடையாது. வெயிலில் காட்டப்பட்ட வீட்டை அவர் பார்த்ததாகவே கணக்கில் வைத்துக்கொள்ள மாட்டார்.

"வெயில்ல எல்லா வீடும் மாப்பிள்ளை மாதிரி நிக்கும். மழையிலதான் அதோட புத்தி தெரியும்," என்பார்.

வீடும் வேண்டும் கடையும் வேண்டும் என்பது அவருடைய இன்னொரு பிடிவாதம். "கடை ஓடும், படுக்கும். ஆனா மனுஷன் எங்கேயாவது தூங்கித்தானே ஆகணும்? அதான் கீழே கடை, மேலே வீடு. ஒண்ணு படுத்தா இன்னொண்ணு தாங்கும்."

வாடகை நேராகப் பேங்குக்குப் போய்விடும், அதற்காக அவர் வருவதில்லை. மழை வந்தால்தான் வருவார். கைப்பிடியில் கம்பி சுற்றிய அந்தப் பெரிய கறுப்புக் குடை தெருமுனையில் தெரிந்ததும், ஓரக்கடை சலூன்காரர், "வந்துட்டாருக்கா டாக்டரு!" என்று குரல் கொடுப்பார். ஒவ்வொரு அறையாகப் போய்ப் புறங்கையை வைப்பார். குடைப்பிடியால் தட்டி, காதைக் கொடுப்பார். எங்கேயாவது ஈரம் தெரிந்தால் முகம் மலர்ந்துவிடும். மறுநாளே ஆள் வந்துவிடும்.

ஒருமுறை தையற்காரி கேட்டாள், "ஏங்க, சொந்தக் கட்டடம் ஒழுகினா யாராவது சந்தோஷப்படுவாங்களா?"

"எதும்மா சொந்தம்? பாதி பேங்குக்கு. மீதி, வாடகை கட்டுற உங்களுக்கு. ஒழுகல் மட்டும்தான் எனக்கு. அதையும் பார்த்துக்கலைன்னா நான் எதுக்கு?"

எத்தனை நனைந்து வந்தாலும் யார் கையிலும் டீ வாங்கிக் குடிக்கமாட்டார். தண்ணீர் மட்டும்தான். முதலில் அவளுக்கு வருத்தமாக இருந்தது. காரணத்தையும் அவரே சொன்னார். "இன்னிக்கு உங்க டீயைக் குடிச்சேன்னா, நாளைக்கு குழாய் சரியில்லைன்னு என்கிட்ட சொல்ல உங்களுக்குக் கூச்சமா இருக்கும்." அவருடைய மனைவிக்கு இதெல்லாம் பழகிப்போனது. "மேகம் கூடிட்டா இவருக்குக் கால் தரையில நிக்காது. பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே என்னைப் பார்த்ததைவிட எங்க வீட்டுக் கூரையைத்தான் அதிக நேரம் பார்த்தாரு," என்பாள் அந்த அம்மாள்.

பத்து வருஷத்துக்கு முன்னால், குழாய் பதிக்கிறோம் என்று தெருவையே தோண்டிப் போட்டுவிட்டார்கள். எட்டு மாதம் ஒரு வாடிக்கையாளர் கால் வைக்க வழியில்லை. தையற்காரி தைக்கத் துணியில்லாமல் பழைய தலையணை உறைகளைப் பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவர், மாதத்துக்கு இரண்டு தடவை வருவார். அவர் கொண்டுவருவது பிள்ளைகளின் படிப்புக்கே பற்றாது. மறுபடியும் கடையை விட வேண்டியதுதான் என்று அவள் மிஷினைத் துடைத்து மூடியபோது, ஒரு தூறலில் குடைக்காரர் வந்தார். பள்ளத்தின் மேல் போட்டிருந்த பலகையில் அந்த மனிதர் குடையோடு தத்தித் தத்தி வந்தது கழைக்கூத்து மாதிரி இருந்ததாம்.

"பேங்குல பேசிட்டேன். தெரு சரியாகற வரைக்கும் வட்டி மட்டும் கட்டினாப் போதும்னு ஒத்துக்கிட்டாங்க. நீங்களும் பாதி கட்டுங்க. மீதியை நான் கேக்கமாட்டேன். நீங்களும் ஞாபகம் வச்சுக்காதீங்க."

அவள் ஞாபகம் வைத்துக்கொண்டாள். அதுதான் பின்னால் வினையாகப் போயிற்று.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பக்கத்துக் கட்டடங்கள் இரண்டு கைமாறின. வரிசையையே வாங்கி இடித்து, கண்ணாடி வைத்து ஒரே பெரிய கட்டடமாகக் கட்டப்போகிறது ஒரு கம்பெனி என்று பேச்சு. அந்த நேரம் பார்த்துக் குடைக்காரருக்குக் கண்ணில் புரை எடுத்து, வீட்டில் படுக்க வைத்திருந்தார்கள். ஒரு பட்டப்பகல் வெயிலில், தோளில் பையும் கையில் சிவப்புப் புள்ளி விழும் அளவு கருவியுமாக, கண்ணாடி போட்ட ஒருவர் வந்து சுவர் சுவராக அளக்க ஆரம்பித்தார்.

"அக்கா, கம்பெனி ஆளு," என்று சலூன்காரர் பின்வாசல் வழியாக ஓடி வந்தார். "ஐயா படுத்திருக்காருன்னு தெரிஞ்சு மோப்பம் பிடிச்சு வந்திருக்கான். இந்தக் கட்டடம் வேணாம்னு அவன் வாயாலயே சொல்ல வைக்கணும்."

அப்புறம் அவர்கள் செய்த வேலையை இன்றைக்கு நினைத்தாலும் தையற்காரிக்குக் காது சூடாகிறது. சலூன்காரர் மக்கு நிறையத் தண்ணீர் எடுத்துப் பின்சுவர் முழுக்க அடித்தார். இவள் தையல் மேசை மேல் ஒரு வாளியை வைத்து, அதில் பாதித் தண்ணீரும் ஊற்றினாள். கண்ணாடிக்காரர் வாசலுக்கு வந்ததும் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"பார்த்து வாங்க சார், அந்தப் படி ஆடும். மேலேயும் பார்த்துக்குங்க, காரை விழும்."

"மழையே இல்லையே, எப்படிம்மா ஒழுகுது?"

"போன மாசத்து மழை சார். சுவருக்குள்ளேயே தங்கிடுச்சு."

அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். போகும்போது, "உண்மையைச் சொன்னதுக்கு நன்றிம்மா," என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு இரண்டு பேரும் வெற்றி பெற்றவர்கள் மாதிரி சிரித்தார்கள்.

ஆறாம் நாள் குடைக்காரர் வந்தார். வானத்தில் பொட்டு மேகமில்லை. கையில் குடை இல்லை. கண்ணில் கறுப்புக் கண்ணாடி. தையற்காரி மிதிப்பலகையிலிருந்து காலை எடுத்துவிட்டாள். இருபது வருஷத்தில் அவரை அவள் வெயிலில் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எங்கேம்மா ஒழுகுது?" என்றார்.

வந்தவர் கம்பெனி ஆள் இல்லை. பேங்கிலிருந்து மதிப்புப் போட வந்தவர். பத்து வருஷத்துக்கு ஒருமுறை கடனைப் புதுப்பிக்க வேண்டும், அப்போது கட்டடத்தின் மதிப்பைப் பார்ப்பார்கள். போன முறை மழையில் குடைக்காரரே கூட்டிக்கொண்டு வந்திருந்தார், அதனால் வந்தவர் யாரென்று கடைக்காரர்களுக்குச் சந்தேகம் வரவில்லை. இந்தத் தடவை சுவரெல்லாம் ஈரம், காரை விழுகிறது, படி ஆடுகிறது என்று எழுதிப்போய், மதிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. மாதம் முடிவதற்குள் குறைகிற தொகையைக் கையிலிருந்து கட்ட வேண்டும். இல்லாவிட்டால் கட்டடத்தை விற்றுத்தான் அடைக்க வேண்டும். வாங்கிக்கொள்ள யார் தயாராக இருந்தார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

சலூன்காரர் கையில் இருந்த சீப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் காதில் செருகிக்கொண்டார். தையற்காரிதான் வாயைத் திறந்தாள். வாளி, மக்கு, காரை, ஒன்று விடாமல் சொன்னாள்.

குடைக்காரர் வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எனக்காகவா பண்ணீங்க?"

"இல்லைங்க," என்றாள் அவள். "எங்களுக்காகத்தான். இன்னொரு கடை தேடற தெம்பு எனக்கு இல்லைங்க."

அவருக்குத் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனாள். சிரித்துக்கொண்டிருந்தார். "சுவருக்குள்ளேயே தங்கிடுச்சாமே! நாப்பது வருஷம் ஒழுகல் அடைச்சிருக்கேன், இப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை தாயே." அப்புறம் கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டார். "அவரு வருவாருன்னு உங்ககிட்ட சொல்லாதது என் தப்பு. வெயில்ல வந்தது அவரு தப்பு. மழையில இன்னொரு தடவை வந்து பாருங்கன்னு எழுதிக் கொடுக்கறேன்."

"குழாய் வச்சு மாடியில தண்ணி விட்டுக் காட்டிட்டா என்னங்கய்யா?" என்றார் சலூன்காரர்.

"ஏம்ப்பா, தண்ணி ஊத்தி அவரை ஒரு தடவை ஏமாத்தியாச்சு. இன்னொரு தடவை ஊத்தினா நம்புவாரா?"

மாதம் முடியப் பதினொரு நாள் இருந்தது. அந்தப் பதினொரு நாளும் கீழ்க்கடைக்காரர்கள் வானத்தைப் பார்த்த பார்வையில் வானத்துக்கே கூச்சமாக இருந்திருக்கும். டிவியில் வானிலை சொல்லும்போது சலூன்காரர் கத்தியைக் காதோரம் நிறுத்திவிடுவார். நாற்காலியில் இருப்பவர் மூச்சுவிடாமல் காத்திருப்பார். தையற்காரி ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடதாகவே தைத்தாள். குடைக்காரரின் மச்சினர் வந்து, "கம்பெனிக்காரன் இரட்டிப்பு விலை தர்றான். வித்துத் தொலைச்சுட்டு நிம்மதியா இருங்க மாமா," என்று வாசலிலேயே சத்தம் போட்டார்.

"வித்தா ஒரே நாள் பணக்காரன்," என்றார் குடைக்காரர். "அப்புறம் மழை வந்தா நான் எங்கேடா போவேன்?"

ஒன்பதாம் நாள் காலையில் காற்று திரும்பியது. பத்து மணிக்குப் பெரிய பெரிய துளிகளாக விழுந்து, பத்தேகாலுக்கெல்லாம் தெரு தெரியாமல் பெய்தது. பதினொரு மணிக்கு அந்தக் கறுப்புக் குடை தெருமுனையில் தெரிந்தது. குடை முழுக்கக் கண்ணாடிக்காரர் தலைக்கு மேல் இருந்தது. கறுப்புக் கண்ணாடியோடு அதைப் பிடித்து வந்த குடைக்காரர் தொப்பலாக நனைந்திருந்தார்.

தையற்காரி வாசலிலேயே நின்றுகொண்டாள். "சார், அன்னிக்கு நான் சொன்னது அத்தனையும் பொய். வாளியில தண்ணி ஊத்தினது நான். சுவர்ல அடிச்சது..."

"நான் சார்," என்றார் சலூன்காரர், காதில் சீப்போடு.

கண்ணாடிக்காரர் உள்ளே போனார். ஏழு கதவும் திறந்தார்கள், ஏழிலும் பார்த்தார். படியில் ஏறிக் குதித்துப் பார்த்தார். சொட்டு விழுகிறதா என்று மேல்தளத்துக்குக் கீழே ஒரு காகிதத்தைப் பிடித்துப் பார்த்தார். பின்சுவரில் முதலில் உள்ளங்கையை வைத்தார்.

"புறங்கையை வைங்க சார்," என்றார் குடைக்காரர் மெதுவாக. "உள்ளங்கை உழைச்ச கை. அதுக்குத் தெரியாது."

அவர் கையைத் திருப்பி வைத்தார். வெளியே அத்தனை மழை. சுவர் உலர்ந்து, காலையில் போட்ட சட்டை மாதிரி இருந்தது. பழைய காகிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்து, "அடுத்த தடவையும் மழையிலேயே வர்றேங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாம் நாள் பேங்கில் கடனைப் புதுப்பித்துக் கையெழுத்தாயிற்று.

ஆனால் தையற்காரி எல்லோரிடமும் சொல்வது அந்தக் கையெழுத்தைப் பற்றியல்ல. கண்ணாடிக்காரர் போனதும் குடைக்காரர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் கொடுத்த துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "டீ இருக்காம்மா?" என்று கேட்டார். இருபது வருஷத்தில் முதல் தடவை. அடுப்பைப் பற்றவைக்க அவளுக்கு மூன்று குச்சி செலவாயிற்று.

போன வருஷம் மேலே மூன்றாம் எண் வீடு காலியானது. குடைக்காரர் தம் பெரிய வீட்டை மகன் குடும்பத்துக்கு விட்டுவிட்டு, மனைவியோடு அங்கே குடிவந்துவிட்டார். மற்றவர்கள் கட்டுகிற அதே வாடகையை மாதம் ஐந்தாம் தேதிக்குள் கட்டடத்தின் கணக்கில் கட்டிவிடுகிறார். இப்போது தினமும் கீழே வந்து டீ குடிக்கிறார். "நானும் குடித்தனக்காரன் ஆயிட்டேன், எனக்கென்ன கூச்சம்?" என்கிறார். குழாய் சரியில்லை என்று தம்மிடமே குறை சொல்லிக்கொள்கிறார்.

காலையிலிருந்து மழை. "டீ ஆறுதுங்கய்யா!" என்று தையற்காரி படியடியில் நின்று குரல் கொடுக்கிறாள். ஏறிப் போய் எட்டிப் பார்க்கிறாள். குடை மடித்தபடி அக்குளில் இருக்கிறது. அவர் குனிந்து, தண்ணீர் போகும் துளைக்குள் முழங்கைவரை கையை விட்டு, அடைத்திருந்த இலைகளை எடுத்துக்கொண்டிருக்கிறார். இன்னொரு கையை மட்டும் தூக்கி, இரு என்று காட்டுகிறார்.

அவள் கீழே வந்து டீயை மூடி வைக்கிறாள். குடைக்காரர் மொட்டை மாடியில் இருக்கிறார்.