மேசைமேல் ஒரு காடு

மலாய் நாட்டில், காஜா பேராங்கில் வண்டிகளுக்கு வண்ணம் அடிக்கும் சேதுபதிக்கு ஒரு பழக்கம் இருந்தது. ரிக்‌ஷாவோ மாட்டு வண்டியோ கடைப்பலகையோ, வேலை முடிந்ததும் கண்மையைத் தொட்டு ஒரு மூலையில் திருஷ்டிப் பொட்டு வைத்துவிடுவான். பொட்டு இல்லாமல் எந்தச் சாமானும் அவன் பட்டறையை விட்டுப் போனதில்லை. நன்றாகச் செய்ததன்மேல் ஊர்க்கண் பட்டுவிடும் என்று பயம். நன்றாகச் செய்கிறோம் என்ற கர்வமும் அதில் கலந்திருந்தது. அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டான்.

ஜப்பான்காரன் சண்டைக்கு முன்னால், புக்கிட் பாரு பங்களாவில் இருந்த வெள்ளைக்காரத் துரைக்குப் பொம்மைப் போர்ப் பைத்தியம். கட்டைவிரல் உயர ஈயச் சிப்பாய்களை மேசைமேல் நிறுத்தி, பகடை உருட்டி, கூட்டாளிகளோடு பொழுதெல்லாம் சண்டை போடுவார். வேலை வெட்டி இல்லாதவர்களின் விளையாட்டு! சிப்பாய்களின் சட்டைக்கு வண்ணம் தீட்டப் போன சேதுபதி, மெல்ல மலையும் ஆறும் செய்யத் தொடங்கினான். கட்டைகளை அடுக்கி, பசையில் நனைத்த சாக்கை மேலே போர்த்தி, காய்ந்ததும் மரத்தூள் தூவிச் சாயம் ஏற்றினால் மலை. நீலத்தின்மேல் வார்னிஷ் பூசினால் ஆறு. பீர்க்கங்கூட்டைப் பிய்த்துப் பச்சையில் முக்கினால் மரம். புதருக்கு மட்டும் நிஜப் பாசிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பான்.

பாசி எடுக்க ஆயர் குரோ காட்டுக்குப் போகும்போது மனைவி பொன்னம்மாவின் தம்பி தம்பிராஜாவும் கூட வருவான். உள்ளே ஒரு பள்ளத்தைக் கண்டுபிடித்தவன் அவன்தான். மேலிருந்து பார்த்தால் வெறும் மரக்கூட்டம். கொடியை விலக்கி இறங்கினால் ஓடையும் பாறையும் பாசியும்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். துரை பொம்மைகளைப் போட்டது போட்டபடி கம்பி நீட்டிவிட்டார். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். போனவன் எவனும் திரும்பி வரவில்லை. தம்பிராஜாவையும் பிடித்து லோரியில் ஏற்றினார்கள்; அவன் வழியில் குதித்து ஓடி அந்தப் பள்ளத்தில் போய் ஒளிந்துகொண்டான். விறகு பொறுக்கப் போவதுபோல் சேதுபதி போய் அவித்த மரவள்ளிக்கிழங்கைக் கொடுத்துவிட்டு வருவான். பொன்னம்மாவுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. பிறந்த வீடு என்று சொல்ல அந்தத் தம்பி ஒருவன்தான்.

பங்களாவுக்குக் குடிவந்த ஜப்பானிய அதிகாரி துரையின் மேசையைப் பார்த்தான். செய்தவன் யார் என்று கேட்டு ஆள் அனுப்பினான். அதிகாரி சொன்னதை ஒரு மலாய்க்காரர் தன் மொழியில் சொன்னார்: ஆயர் குரோ காட்டில் ஜப்பானுக்கு எதிரான ஆட்கள் பதுங்கியிருக்கிறார்கள். அந்தக் காட்டை அப்படியே மேசைமேல் செய்ய வேண்டும். அவர்கள் இருக்கும் இடம் தெரிந்து சொன்னால் அரிசி. மறைத்தால் தலை.

சேதுபதி செய்தான். அவன் செய்ததிலேயே பெரிய வேலை அது. மரவள்ளி மாவில் பசை காய்ச்சி, யாரும் பார்க்காதபோது அதில் கொஞ்சத்தை வழித்து வாயிலும் போட்டுக்கொண்டான். அதிகாரியின் வரைபடத்தில் இருந்த மேடு, ஓடை, ஒற்றையடிப் பாதை எல்லாவற்றையும் வைத்தான். படத்தில் இல்லாத அந்தப் பள்ளத்தை மட்டும் மரத்தூள் போட்டு நிரவி, மேலே பச்சை மரங்களை நெருக்கமாக நட்டான். பள்ளம் இருந்த சுவடே இல்லை. பார்க்கப் பார்க்க அவனுக்கே பெருமையாக இருந்தது. பாழாய்ப்போன பெருமை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் பொன்னம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“பொட்டு வச்சீங்களா?”

“இல்ல. நாளைக்கு ஒப்படைக்கிறப்போ மேசைக்கு அடியில வச்சிடுறேன்.”

“அடியில வச்சா யாருக்குப் புண்ணியம்? ஏங்க, அவன் இருக்கிற இடத்துக்கு மேலயே வச்சிடுங்க. ஒருத்தன் கண்ணும் என் தம்பி மேல படக்கூடாது.”

கண்மைச் சிமிழை அவளே அவன் கையில் திணித்தாள். சேதுபதிக்கும் அது சரியென்றே பட்டது. காலையில் அதிகாரி வருவதற்கு முன், நிரவிய பள்ளத்துக்கு நேர் மேலே, ஒரு மரத்தின் உச்சியில் கறுப்பாக ஒரு பொட்டு வைத்தான். மனத்துக்குள் மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டான்.

அதிகாரி வந்து மேசையைச் சுற்றி நடந்தான். ஓரிடத்தில் நின்று குனிந்தான். வரைபடத்தைப் பார்த்தான், சேதுபதியைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. முதுகில் தட்டிக்கொடுத்து, “பாகூஸ்!” என்று தனக்குத் தெரிந்த மலாயில் மெச்சினான். ஒரு பை அரிசி வந்தது. கலையின் அருமை தெரிந்த மனிதன் என்று சேதுபதி நினைத்துக்கொண்டான். அரிசியைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடந்தான்.

மறுநாள் காலை மறுபடி கூப்பிட்டார்கள். மேசையில் ஒரு மரம் சாய்ந்துவிட்டதாம், ஒட்ட வேண்டுமாம். பங்களா வாசலில் எப்போதும் நிற்கும் லோரிகளைக் காணோம். உள்ளே போய்ப் பார்த்தான். துரை விட்டுப்போன ஈயச் சிப்பாய்கள், அவன் கையால் சட்டை தீட்டிய அதே சிப்பாய்கள், மேசைக்காட்டில் வட்டமாக நின்றன. வட்டத்தின் நடுவில் அவன் வைத்த பொட்டு.

அப்போதுதான் புரிந்தது. கறுப்புப் புள்ளியை அவன் கண்ணேறு கழிக்க வைத்தான். அவர்களோ காட்டிக்கொடுத்ததாக எடுத்துக்கொண்டு கூலியும் தந்துவிட்டார்கள். ஓடினால் மட்டும் லோரியை முந்த முடியுமா? கேட்டால்தான் என்ன சொல்வான்? சாய்ந்த மரத்தை நிமிர்த்தி ஒட்டினான். இரண்டு முறை விழுந்தது.

வீட்டில் சோற்று வாசனை. எத்தனை மாதமாயிற்று வெள்ளைச் சோறு கண்டு! பொன்னம்மா தான் ஒரு பருக்கைகூடத் தொடாமல், முதல் கவளத்தை வாழையிலையில் கட்டி வைத்திருந்தாள்.

“தம்பிக்கு. சூடு ஆறுறதுக்குள்ள கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்க.”

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனான். வேறென்ன செய்வான்? சாயங்காலம் வரை காட்டோரத்தில் உட்கார்ந்திருந்தான். லோரிகள் திரும்பிப் போயின. கடைசி லோரியின் பின்பலகைக்கு வெளியே அசையாமல் தொங்கிய காலை அவனுக்கு அடையாளம் தெரிந்தது. பாறையில் வழுக்கிக் கிழித்துக்கொண்ட பழைய தழும்பு, பாசி எடுக்கப் போனபோது பட்டது.

ஜப்பான்காரனும் போய்ச் சேர்ந்தான். ரிக்‌ஷாக்கள் மறுபடி பட்டறைக்கு வந்தன. சேதுபதி வண்ணம் அடித்தான், பொட்டு மட்டும் வைப்பதில்லை. கேட்டவர்களிடம் மை தீர்ந்துவிட்டது என்பான். அதற்காகவே பொன்னம்மா விளக்கெரித்துக் கரி பிடித்து, விளக்கெண்ணெயில் குழைத்துச் சிமிழை நிரப்பி வைப்பாள். அவன் அதைத் தொடமாட்டான். தம்பி செத்துப்போனது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்; எப்படி மாட்டினான் என்பதை அவன் சொன்னதில்லை. ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“நெசத்தைச் சொல்லுங்க. அன்னிக்கு என் தம்பி இருந்த எடத்துக்கு மேல சரியா வச்சீங்களா, இல்ல ஏனோதானோன்னு எங்கயாச்சும் வச்சீங்களா?”

சேதுபதி தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“சரியாத்தான் வச்சேன், பொன்னம்மா,” என்றான்.